விழுந்த மரத்தின் நான்காவது கதி

கடலூர் ஜில்லாவிலும் அதற்கு வடக்கே புதுச்சேரிப் பக்கத்திலும் பிரயாணம் செய்கிறவர்கள், ஒரு மரம் விழுந்த பிறகு அதற்கு என்னென்ன கதி நேரக்கூடும் என்பதை இரண்டொரு நாளில் கண்ணாரக் கண்டுவிடலாம்.

நெய்வேலியில், ஆதிகாலத்துக் காடு ஒன்று மண்ணுக்கடியில் அழுந்திப் பழுப்பு நிலக்கரியாகக் கிடக்கிறது. 1956-ஆம் ஆண்டில் சர்க்கார் நிறுவிய ஸ்தாபனம் அதைத் தோண்டியெடுத்து மின்சாரமாக மாற்றிக்கொண்டிருக்கிறது. இது முதற் கதி. புதுச்சேரிக்கு அருகே திருவக்கரையில், சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளம் உருட்டிக் கொணர்ந்து மணலில் புதைத்த பெருமரங்கள், கணுவும் வளையமும் தெரியக் கல்லாய்ச் சமைந்திருக்கின்றன. 1781-ஆம் ஆண்டிலேயே சொன்னரா என்ற பிரெஞ்சு இயற்கை ஆராய்ச்சியாளர் அவற்றைப் பற்றிக் குறித்து வைத்தார். இது இரண்டாவது கதி. மூன்றாவது கதியைக் காண எங்கும் இறங்க வேண்டியதில்லை. பண்ருட்டிச் சாலையில் நம் வண்டிக்கு முன்னால், பாரந்தாங்காமல் முனகிக்கொண்டு செல்லும் விறகு லாரியே அது. சூளையிலும் அடுப்பிலும் ஒருநாள் எரிந்து மறுநாள் சாம்பலாவது.

இம்மூன்றும் அன்றி நான்காவது கதி ஒன்றும் உண்டு. யாரும் வேண்டாமென்று ஒதுக்கிவிட்ட அடிக்கட்டையும் வேர்க்கட்டையும் நாற்காலியாகவும் மேஜையாகவும் பெஞ்சியாகவும் மறு பிறப்பு எடுப்பதே அது. சென்ற வைகாசியில், பலாப்பழக் காலத்தில், பண்ருட்டித் தோப்பு ஒன்றிலும், பிறகு புதுச்சேரியிலும் ஆரோவில்லிலும் நான் கண்டவற்றை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

செம்மண் சீமை

திருநாவுக்கரசர் சூலை நோய் தீர்ந்து சிவனடியாரான திருவதிகை, பண்ருட்டியை ஒட்டியே கெடிலக் கரையில் இருக்கிறது. கோயிலைத் தரிசித்துவிட்டு நெய்வேலிச் சாலையில் தெற்கே திரும்பினால், பணிக்கன்குப்பத்திலிருந்து கடாம்புலியூர் வரையில் சாலையின் இருபுறமும் செம்மண் நிலம். அதில் முந்திரியும் பலாவும் அன்றி வேறொன்றும் கண்ணுக்குத் தோன்றாது. பருவகாலத்தில் சாலையோரமெங்கும் பலாப்பழங்கள் குன்றுபோல் குவிந்திருக்கும். அவற்றின் மணமே வழிப்போக்கனைக் கையைப் பிடித்து இழுத்து நிறுத்திவிடும்.

இந்தச் சீமைக்கு 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் தேதி விடியற்காலம் ஒரு பெரும் சோதனை நேர்ந்தது. ‘தானே’ என்று பெயரிடப்பட்ட புயல், மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்துடன் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. பொழுது நன்றாக விடிந்து ஜனங்கள் வெளியே வந்து பார்த்தபோது தோப்புகளைக் காணவில்லை. பாட்டன் நட்டு, தகப்பன் நீரூற்றி, மகன் பழம் பறித்துக் குடும்பம் நடத்திவந்த மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. பலாவும் முந்திரியும் நெல்லைப்போல் அடுத்த போகத்தில் மீண்டுவிடும் பயிர்களல்ல. எனவே அந்தக் காலையில் விழுந்தது ஒரு வருஷத்து வருமானமல்ல. ஒரு தலைமுறையின் வருமானம்.

அதன் பிறகு வந்தவர்கள் விறகு வியாபாரிகள். ஊர் முழுவதும் மரம் விழுந்து கிடக்கும்போது விலை பேச விற்பவனுக்கு வாய் ஏது? கிளைகளையும் நேரான அடிமரங்களையும் அவர்கள் வெட்டி ஏற்றிக்கொண்டு போனார்கள். வேரும் மண்ணும் கல்லும் பின்னிக் கிடந்த அடிக்கட்டைகளை மட்டும் தொடவில்லை. கோடரி அதில் ஏறாது. லாரியில் அது அடுங்காது. உழைக்கும் கூலிக்கு விறகு காணாது. ஆதலால் தோப்புக்காரர்கள் அவற்றை வரப்போரத்துக்கு உருட்டித் தள்ளிவிட்டு, புதுக்கன்று நடும் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

நான் சென்ற தோப்பின் மூலையிலும் அப்படி ஒரு பலாக்கட்டை கிடந்தது. பத்து ஆண்டுகளுக்கு மேல் வெயிலும் மழையும் கரையானும் அதைச் சோதித்திருந்தன. வெளிப்புறத்து வெளிறு முழுவதையும் கரையான் தின்று தீர்த்திருந்தது. உள்ளே இருந்த வைரத்தில் மட்டும் அதன் பல் ஏறவில்லை. கரையான் தனக்குத் தெரியாமலே தச்சனின் வேலையில் பாதியைச் செய்து முடித்திருந்தது என்று சொல்லலாம்.

நம் வீட்டிலிருந்த கட்டைகள்

அடிக்கட்டையிலிருந்து சாமான் செய்வது மேனாட்டிலிருந்து வந்த புது மோஸ்தர் என்று சிலர் எண்ணுகிறார்கள். உல்லாச விடுதிகளின் முற்றத்தில் அவற்றை முதன்முதலில் பார்த்ததால் வந்த எண்ணம் இது. நம் பாட்டிமார் நெல் குத்திய மர உரல் எது? அடிக்கட்டையைக் குடைந்ததுதான். எண்ணெய் ஆட்டிய வாகைமரச் செக்கு எது? அதுவும் அடிக்கட்டைதான். இறைச்சிக் கடையில் தினந்தோறும் ஆயிரம் வெட்டுகளைத் தாங்கும் கட்டை இன்றைக்கும் புளியங்கட்டையே. ஏனெனில் அதன் நார்கள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டிருப்பதால் எளிதில் பிளக்காது, சிம்பு தெறிக்காது. கல்யாணத்தில் மணமக்கள் உட்காரும் மணைக்குப் பலாப்பலகை விசேஷம். எல்லாவற்றுக்கும் மேலாக, தஞ்சாவூர் வீணை இருக்கிறது. பண்ருட்டிப் பக்கத்துப் பலாமரத்தைத் தேடித் தஞ்சை ஆசாரிகள் வருவது நெடுநாள் வழக்கம். குடம், தண்டி, யாளி முகம் என்று தனித்தனியே செய்து ஒட்டாமல், ஒரே மரத்தைக் குடைந்து செய்வதை ‘ஏகாண்ட வீணை’ என்று போற்றுகிறார்கள்.

ஆகவே ஒரே கட்டையில் உருவம் காணும் வித்தை நமக்குப் புதிதன்று. நாம் அதை மறந்தோம் என்பதே உண்மை. மறந்ததோடு நின்றோமா? மரத்தூளைப் பசையிட்டு அழுத்தி, மேலே மரம்போல் அச்சிட்ட காகிதத்தை ஒட்டிய பலகையில் செய்த மேஜையைத் தவணைக்கு வாங்கி வீட்டில் வைக்கிறோம். இரண்டு ஐப்பசி மழைக்கு அது ஊறி உப்பிவிடுகிறது. கொல்லையில் நூறு வருஷத்துப் பலா மட்கிக்கொண்டிருக்க, கூடத்தில் மரத்தூள் மேஜை வீங்கிக்கொண்டிருக்கும் விசித்திரத்தைப் பண்ருட்டியிலேயே கண்டேன். இதைச் செல்வத்தில் செய்யும் தவறு என்பதா, சிந்தையில் செய்யும் தவறு என்பதா?

எலும்பறுத்த யந்திரம்

வேர்க்கட்டையை எட்டிப்பார்க்கவும் துணியாத நிலையை மாற்றியது சங்கிலி ரம்பம். கிராமத்தார் அதைச் சுருக்கமாக ‘மிஷின்’ என்றே சொல்கிறார்கள். சைக்கிள் சங்கிலியைப் போன்ற ஒரு சங்கிலியில் பற்கள் அமைந்திருக்கும். நீண்ட இரும்புத் தகட்டின் விளிம்பைச் சுற்றி அது ஒரு நொடிக்குச் சுமார் இருபது மீட்டர் வேகத்தில் ஓடும். பெட்ரோலுடன் சிறிதளவு எண்ணெய் கலந்து ஊற்றினால் இயங்கும். எடை ஐந்தாறு கிலோதான்.

இதன் பூர்வோத்தரம் வேடிக்கையானது. மரம் அறுப்பதற்காக இது பிறக்கவில்லை. 1830-ஆம் ஆண்டளவில் பெர்ன்ஹார்டு ஹைனே என்ற ஜெர்மானியர், வைத்தியர்கள் எலும்பை அறுப்பதற்காகப் பல்வைத்த சங்கிலியைக் கைப்பிடியால் சுழற்றும் கருவி ஒன்றைச் செய்தார். அதற்குப் பல ஆண்டுகள் கழித்து, 1926-இல் அதே நாட்டினரான ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் மின்சாரத்தால் இயங்கும் சங்கிலி ரம்பத்தையும், 1929-இல் பெட்ரோலால் இயங்குவதையும் உண்டாக்கினார். முதல் ரம்பத்தின் எடை 48 கிலோ; தூக்கிப் பிடிக்க இரண்டு ஆட்கள் வேண்டும். பின்னர் அமெரிக்காவில் ஜோசப் காக்ஸ் என்பவர், 1946-இல் காட்டில் விறகு வெட்டிக்கொண்டிருந்தபோது, ஓர் அடிக்கட்டையை வண்டின் புழு குடைவதைக் கூர்ந்து பார்த்தார். அப்புழு நாரோடும் குறுக்கேயும் தங்குதடையின்றி அறுத்தது. அதன் இரு தாடைகளும் இடமும் வலமுமாக மாறிமாறிச் சுரண்டுவதைக் கண்டு, அதே முறையில் சங்கிலிப் பற்களை அமைத்தார். இன்று உலகமெங்கும் ஓடும் சங்கிலிகள் அந்தப் புழுவின் சீடர்களே!

ஆனால் இந்த யந்திரத்துக்கு இரண்டு முகங்கள் உண்டு என்பதையும் மறைக்கலாகாது. சாலையை அகலப்படுத்துகிறோம் என்று, நூறாண்டு நிழல் தந்த புளியமரத்தை அரை மணி நேரத்தில் வீழ்த்துவதும் இதே யந்திரம்தான். முன்பெல்லாம் ஒரு பெருமரத்தை வெட்ட இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு நாளில் ஊரில் யாராவது ஒருவர் வந்து, “ஏன் வெட்டுகிறீர்கள்?” என்று கேட்க அவகாசம் இருந்தது. இப்போது கேள்வி பிறப்பதற்குள் மரம் கிடந்துவிடுகிறது.

தோப்பிலே ஒரு காலை

நான் கண்ட பலாக்கட்டைக்கு வேலை செய்ய வந்தவர்கள் இருவர். ஒருவர் எழுபதைத் தாண்டிய ஆசாரியார். மற்றவர் ரம்பம் பிடிக்கும் இளைஞர், அவருடைய தங்கை மகன். வந்தவுடன் ரம்பத்தை எடுப்பார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். அவர்கள் எடுத்தது தண்ணீர்க் குடமும் இரும்புக் கம்பித் தூரிகையும். வேர்களின் இடுக்கில் இருந்த மண்ணையும் கூழாங்கற்களையும் ஒரு மணி நேரம் கழுவிச் சுரண்டினார்கள்.

“ஒரு சின்னக் கல் போதும் ஐயா, சங்கிலியில இருக்கிற பல்லு அத்தனையும் மழுங்கிடும். ரோட்டோரப் புளியமரம்னா இன்னும் மோசம். போர்டு மாட்டுறேன்னு ஆணியா அடிச்சு வச்சிருப்பாங்க. மரம் அதை முழுங்கிட்டுச் சும்மா இருக்கும், அறுக்கிறவன் கையிலதான் அது வெளியே வரும்” என்றார் இளைஞர்.

அதற்குள் ஆசாரியார் கட்டையை மூன்று முறை சுற்றிவந்தார். பிறகு சற்றுத் தள்ளி உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “என்ன பார்க்கிறீர்கள், பெரியவரே?” என்று கேட்டேன்.

“இது எப்படி உட்காரணும்னு நினைக்குதுன்னு பார்க்கிறேன். தலைகீழா நிறுத்தினா வேரே காலாயிடும். நேரா நிறுத்தினா வேரு கை வைக்கிற இடமாகும். நம்ம பாட்டுக்கு அறுத்துட்டோம்னா அப்புறம் ஒட்ட வைக்க முடியாதே, வாத்தியாரய்யா.”

அடிமரம் வேராகப் பிரியும் இடமே ஒரு மரத்தில் மிகவும் வலிமை வாய்ந்தது. ஆண்டுதோறும் காற்று மரத்தை அசைக்கும்போதெல்லாம் அதன் பாரம் முழுவதையும் தாங்குவது அந்த இடம். ஆகையால் அங்கே நார்கள் நேராக ஓடாமல் திருகியும் மடங்கியும் ஓடுகின்றன. விறகு வெட்டுகிறவனுக்கு இந்தத் திருக்கு பகை. கலைஞனுக்கு அதுவே செல்வம். அறுத்து இழைத்தால் நீரோட்டத்தைப் போன்ற கோலங்கள் தோன்றுவது அங்கேதான்.

முடிவில் கட்டையை நேராகவே நிறுத்துவது என்று தீர்மானமாயிற்று. அடிப்புறத்து வேர்களை ஒரே மட்டத்தில் அறுக்க வேண்டும். இல்லாவிடில் சாமான் ஆடும். இதற்காக இருபுறமும் இரண்டு நேரான சட்டங்களை ஆணியால் பொருத்தி, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து, அச்சட்டங்களின்மேல் ரம்பத்தின் தகட்டைப் படியவைத்து அறுத்தார்கள். பிறகு மேலிருந்து கீழ்நோக்கி ஒரு வெட்டு. முன்னிருந்து உள்நோக்கி ஒரு வெட்டு. இரண்டும் சந்தித்த இடத்தில் பெரிய ஆப்புத் துண்டு ஒன்று கழன்று விழுந்தது. மறுகணம் என் கண்ணெதிரே, முதுகு சாய்வுடன் இருவர் உட்காரத்தக்க ஆசனம் ஒன்று நின்றது! புதிதாக அறுத்த பலாவின் மஞ்சள் நிறம் வெயிலில் பளபளத்தது. அந்த மஞ்சளே முற்காலத்தில் பிக்ஷுக்களின் ஆடைக்குச் சாயமாக உதவியது. நாளடைவில் அது தேன் நிறமாகி, பிறகு பழுப்பாக முதிரும். கழன்று விழுந்த துண்டையும் அவர்கள் எறியவில்லை. அது ஒரு முக்காலிக்கு ஆயிற்று.

இளைஞரின் தலையில் கவசமும், காதில் சத்தத்தை அடக்கும் மூடியும், காலில் கனத்த பூட்ஸும் இருந்தன. இதைத் தனியே குறிப்பிடக் காரணம் உண்டு. இத்தொழிலில் பெரும்பாலோர் லுங்கியும் ரப்பர்ச் செருப்புமாகவே ரம்பத்தைப் பிடிக்கிறார்கள். தகட்டின் மூக்கு நுனியின் மேற்பகுதி மரத்தில் பட்டால், யந்திரம் கண்ணிமைக்கும் நேரத்தில் பிடித்திருப்பவன் முகத்தை நோக்கித் துள்ளும். அப்படித் துள்ளும்போது சங்கிலியை நிறுத்தும் தடை அமைப்பு நல்ல ரம்பங்களில் உண்டு. அது பழுதானால் செப்பனிடாமல் வேலை செய்வது, பல் விழுந்த பாம்பு என்று நம்பிப் பல்லுள்ள பாம்பைப் பிடிப்பதற்கு ஒப்பாகும்.

மரத்தின் கடிகாரம்

இவ்வளவு வேகமாக நாற்காலி ஆகிவிட்டதே என்று நான் வியந்தபோது ஆசாரியார் சிரித்தார். “இது பத்து வருஷமாக் காஞ்ச கட்டை, அதனால ஆச்சு. பச்சைக் கட்டையில மிஷின் ஒரு மணி நேரத்துல உருவம் காட்டும். ஆறு மாசத்துல மரம் அதைப் பொளந்து காட்டும்” என்றார்.

இதன் காரணத்தை இன்றைய விஞ்ஞானம் தெளிவாக விளக்குகிறது. மரம் காயும்போது சுருங்குகிறது. ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. மையத்திலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்குவதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு, வளையங்களைச் சுற்றிய திசையில் சுருங்குகிறது. எனவே முழு வட்டமாக அறுத்த பச்சைக் கட்டை, மையத்திலிருந்து விளிம்பு வரையில் ஆப்பு வடிவத்தில் வெடித்தே தீரும். அதைத் தவிர்க்க நடுப்பகுதியைக் குடைந்து எடுப்பார்கள். அல்லது கண்ணுக்குப் படாத அடிப்பக்கத்தில் தாங்களே ஒரு வெட்டுப் போட்டு, அந்த இடத்தில் விரியும்படி விடுவார்கள். ஈரம் அவசரமாக ஓடிவிடாதபடி அறுத்த முகங்களுக்கு மெழுகோ வண்ணமோ பூசுவது இக்காலத்து முறை. சாணமும் களிமண்ணும் குழைத்து அப்புவது பழைய முறை. பூவரசையும் வேம்பையும் குளத்தில் மாதக்கணக்காக ஊறப்போட்டு, பிறகு நிழலில் உலர்த்துவதும் நம்மவர் கண்ட முறைதான். ஓர் அங்குல கனத்துக்கு ஓர் ஆண்டு என்பது உலகமெங்கும் தச்சர்கள் வைத்திருக்கும் கணக்கு.

உலர்ந்த பின்னும் வேலை ஓய்வதில்லை. ரம்பம் விட்டுச்சென்ற வரிகளை வாய்ச்சியும் உளியும் கொண்டு செதுக்க வேண்டும். இழைப்புளி போகாத வளைவுகளில் உப்புத்தாள் கொண்டு தேய்க்க வேண்டும். முடிவில் ஆளிவிதை எண்ணெயும் தேன்மெழுகும் ஏற்ற வேண்டும். வெளியில் மழையில் நிற்கும் சாமானின் அடிப்புறத்துக்கு முந்திரிக்கொட்டையின் ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயைப் பூசுகிறார்கள். படகுக்குப் பூசும் எண்ணெய்தான் அது. கரையானும் உளுவும் அண்டாது. ஆனால் கையில் பட்டால் தோலைப் புண்ணாக்கிவிடும். பலாவைக் காக்க முந்திரி உதவுகிறது. ஒரே மண்ணில் பிறந்த உறவு!

ஆகவே நான் அந்தத் தோப்பில் கற்றுக்கொண்ட பாடம் இது: யந்திரம் மனிதனுடைய முதுகு வலியைக் குறைக்கும், மரத்தினுடைய காலத்தைக் குறைக்காது. அறுப்பதற்கு ஆகும் நேரத்தை அது மிச்சப்படுத்திக் கொடுக்கிறது. மிச்சப்பட்ட நேரத்தைப் பார்ப்பதற்கும் பொறுப்பதற்கும் செலவிடுகிறவனிடம் அது தொழிற்கருவி. அவ்விதம் செய்யாதவனிடம் வெறும் ஆயுதம்.

புதுச்சேரி தந்த மாணவர்

இந்தப் பொறுமையின் பாடத்தை நம் கடற்கரையில் பயின்று உலகுக்கு எடுத்துச் சென்ற ஒருவரைப் பற்றி இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. அவர் பெயர் ஜார்ஜ் நகஷிமா. 1905-இல் அமெரிக்காவில் ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்தவர்; கட்டடக் கலை பயின்றவர். டோக்கியோவில் அன்டோனின் ரேமண்ட் என்ற கட்டடக் கலைஞரிடம் வேலை பார்த்தபோது, புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தாசிரமத்துக்கு ‘கோல்கொண்டா’ என்ற விடுதியைக் கட்டும் பணிக்காக 1937-இல் இங்கே வந்தார். வந்தவர் வேலை பார்ப்பவராக மட்டும் இருக்கவில்லை, ஆசிரமவாசியாகவே ஆகிவிட்டார். ஸ்ரீ அரவிந்தர் அவருக்கு ‘சுந்தரானந்தா’ என்று பெயரிட்டார். 1939 வரையில் இங்கே தங்கினார்.

கோல்கொண்டாவுக்குள் அனுமதியின்றிப் போக இயலாது. ஆயினும் தெருவில் நின்று பார்த்தாலே அதன் மேன்மை விளங்கும். சுவர் இருக்க வேண்டிய இடத்தில் கிடைமட்டமான சிமெண்டுத் தகடுகள், ஜன்னல் இமைபோல் திறந்து மூடுகின்றன. வெயில் நிற்கிறது, காற்று நுழைகிறது. அறைகளின் தேக்குமரச் சாமான்களை வடிவமைத்தவர் நகஷிமாவே. மரச்சாமான் தொழிலில் அவர் கைவைத்தது இங்கேதான்.

அவர் அமெரிக்கா திரும்பியபின் யுத்தம் மூண்டது. 1942-இல் ஜப்பானிய வம்சத்தவர் என்ற ஒரே காரணத்துக்காக, அவரையும் மனைவியையும் கைக்குழந்தையையும் அவருடைய நாட்டு சர்க்காரே ஐடஹோ மாகாணத்து மினிடோகா முகாமில் அடைத்துவைத்தது. அங்கே ஜப்பானியத் தச்சு முறையில் தேர்ந்த சக கைதி ஒருவரிடம் அவர் உளி பிடிக்கும் நுட்பத்தைக் கற்றார். கிடைத்த மரமெல்லாம் பிறர் எறிந்த மிச்சம் மீதிகள். 1943-இல் ரேமண்ட் பொறுப்பேற்று விடுவிக்கச் செய்ய, பென்ஸில்வேனியாவில் நியூ ஹோப் என்ற ஊரில் குடியேறிப் பட்டறை வைத்தார். மரத்தின் விளிம்பை நேர்கோடாக அறுக்காமல் இயற்கை வளைவோடு விடுவதும், வெடிப்பை மறைக்காமல் வண்ணத்துப்பூச்சி வடிவமான ஆப்புகளால் இணைத்துக் காட்டுவதும், பிறர் கழித்த முண்டு முடிச்சுகளையும் வேர்க்கட்டைகளையும் தேடிச் சேர்ப்பதும் அவருடைய முத்திரையாயின. விழுந்த மரத்துக்கு இரண்டாவது வாழ்வு கொடுப்பதே தம் தொழில் என்று அவர் கருதினார்.

முதுமையில் மாபெரும் கறுப்பு வால்நட் மரம் ஒன்று அவருக்குக் கிடைத்தது. நம் அக்ரோட்டின் இனத்தைச் சேர்ந்தது. அதைக் கண்டதும், ஒவ்வொரு கண்டத்திலும் ஒரு சமாதான மேஜையை நிறுவ வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு உண்டாயிற்று. முதல் மேஜை 1986-ஆம் ஆண்டின் இறுதியில் நியூயார்க் நகரத்துச் செயின்ட் ஜான் தேவாலயத்தில் நிறுவப்பட்டது. 1990-இல் அவர் காலமானார். தந்தையின் பணியை மகள் மீரா தொடர்ந்தார்; முகாமுக்குக் கைக்குழந்தையாகச் சென்றவர் அவரே. ஆசியாவுக்குரிய மேஜை 1996-இல் ஆரோவில்லுக்கு வந்து சேர்ந்தது. இன்று அது ‘யூனிட்டி பெவிலியன்’ என்ற மண்டபத்தில் இருக்கிறது. எதிரில் நின்றபோது, அதன் விளிம்பில் ஒரு நேர்கோட்டையும் நான் காணவில்லை. மரம் உயிரோடு நின்றபோது எப்படி வளைந்ததோ அப்படியே மேஜையும் வளைகிறது. அதைச் செய்தவரைச் சிறையிட்ட உலகத்துக்கு, அவர் கொடுத்த பதில் அது.

ஆரோவில் நிலமும் இங்கே நினைக்கத்தக்கது. 1968-இல் அந்நகருக்கு அடிக்கல் நாட்டியபோது, அது மழையால் அரித்துப் பாளம் பாளமாய் வெடித்த செம்மண் மேடு. நட்டு வளர்த்த காடுதான் இப்போது காண்பது. அங்கே விழும் மரங்களைத் தச்சுப் பட்டறைகள் பயன்படுத்துகின்றன. நட்டவர்களே அறுக்கிறார்கள் என்பதால், எதை அறுக்கலாம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஓர் எச்சரிக்கை

திரும்பும் வழியில், கடற்கரைச் சாலையில் பொம்மையார்பாளையத்துப் பக்கம் மரச்சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. வேர்க்கட்டை மேஜைக்கு இப்போது நல்ல கிராக்கி. விரிசல்களில் வர்ணப் பிளாஸ்டிக் பிசினை ஊற்றி, நதி ஓடுவதுபோல் செய்கிறார்கள். விறகுக் கடையில் நிறைக்கு விலை. இங்கே உருவத்துக்கு விலை. தோப்புக்காரருக்கும் தச்சருக்கும் இதில் நியாயமான பங்கு கிடைத்தால் மகிழ்ச்சியே.

ஆனால் கிராக்கி மிகும்போது ஓர் ஆபத்தும் மிகும். விழுந்த மரம் போதாமல், நிற்கும் மரத்தின்மேல் கண் விழும். நாற்காலிக்காக ஒரு மரத்தை வீழ்த்துவது, தோல் செருப்புக்காகக் கறவை மாட்டைக் கொல்வதற்குச் சமானம். சாலையோர மரங்கள் பொதுச் சொத்து. விழுந்தாலும் முறையாக ஏலத்தில் எடுக்க வேண்டியவை. எனவே அடிக்கட்டைச் சாமான் வாங்க விரும்பும் குடும்பத்தினர், விலையைக் கேட்குமுன் வேறொரு கேள்வியைக் கேட்க வேண்டும்: “இந்த மரம் எப்படி விழுந்தது?” பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் வாங்கலாகாது.

இன்னொன்றும் நம் கையில் இருக்கிறது. ஒவ்வொரு புயலுக்குப் பின்னும், ஒவ்வொரு சாலை விரிவுக்குப் பின்னும், நல்ல கட்டைகள் நூற்றுக்கணக்கில் வீணாகின்றன. பஞ்சாயத்துகள் அவற்றில் சிலவற்றையேனும் விறகுக்கு விடாமல் நிழலில் ஒதுக்கி வைத்துக் காயவிட்டால், கிராமப் பள்ளிக்கும் வாசகசாலைக்கும் பஸ் நிற்கும் இடத்துக்கும் பெஞ்சி வாங்கப் பணம் தேட வேண்டியதில்லை. உள்ளூர்த் தச்சருக்கும் வேலை கிடைக்கும். உளி பிடிக்கத் தெரிந்த பெரியவரும் ரம்பம் பிடிக்கத் தெரிந்த இளைஞரும் ஒரே கட்டையின் இரு பக்கமும் நிற்கும் நிலை இன்னும் எத்தனை நாளைக்கு? பெரியவர் போனபின் யந்திரம் மட்டுமே மிஞ்சினால், வெட்ட மட்டுமே தெரிந்த தலைமுறை ஒன்று உருவாகிவிடும்.

அந்தத் தோப்புக்காரர் பலா ஆசனத்தை விற்கவில்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்து வாசலில், பிள்ளைகளை அழைத்துப் போக வரும் தாய்மார் உட்காருவதற்கென்று போட்டுவிட்டார். அவர் தோப்பில், புயலுக்கு மறுவருஷம் நட்ட பலாக்கள் இப்போது அடிமரத்திலேயே காய் தாங்கி நிற்கின்றன. அவற்றில் வைரம் பாய இன்னும் பல ஆண்டுகள் செல்லும் என்றார் ஆசாரியார். அதற்குள் அந்த ஆசனம் தேன் நிறத்திலிருந்து பழுப்பு நிறத்துக்கு வந்துவிடும்.